மலையறிவும் ஏட்டறிவும்: தோட்டப் பாடசாலைகளின் வரலாறு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் கோப்பிப் பயிராகத் தொடங்கி, 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோயினால் கோப்பி அழிந்தபின் தேயிலையாக மாறிய பெருந்தோட்டத் தொழில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உடல்வலிமையோடு, எந்த ஏட்டிலும் எழுதப்படாத அவர்களது தொழில் நுட்பத்தையும் அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. அனுபவ அறிவா, ஏட்டறிவா என்று கல்வியைப் பற்றிப் பேசுவோர் எழுப்பும் கேள்விக்கு நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் வரலாறு தரும் விடை கசப்பானது. முதலாவதைப் பயன்படுத்திக்கொண்டவர்களே இரண்டாவதை மறுத்தார்கள். அவ்வாறு மறுக்கப்பட்டதால் முதலாவதற்கு உரிய விலையும் கிடைக்காமற் போயிற்று.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்தைக் கிள்ளுவது பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றலாம். எந்தத் தளிரை இன்று எடுப்பது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது, வளர்ச்சி நின்றுபோன மொட்டை எப்படி இனங்காண்பது, செடியின் மேல்மட்டம் மேடுபள்ளமாகாமல் எப்படிக் காப்பது என்பவற்றை இரு கைகளும் இயங்கும் வேகத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். கவ்வாத்து, அதாவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டிக் குறுக்கி மீண்டும் தளிர்க்கச் செய்யும் வேலை, இதைவிடக் கடினமானது. கத்தி விழும் சாய்வு பிழைத்தால் வெட்டுவாயில் மழைநீர் தங்கிக் கிளை அழுகும் என்பதால், ஒவ்வொரு செடியின் வயதையும் உடலையும் கண்டறிந்தே வெட்ட வேண்டும். மலையின் உயரம் கூடக்கூடச் செடி மெதுவாக வளர்வதால் கவ்வாத்துக்கு இடையிலான காலமும் நீளும் என்பதைத் தொழிலாளர் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை; தாயின் நிரைக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் கண்ணாலும் கையாலும் கற்றுக்கொண்டார்கள். இந்த அறிவு முழுவதையும் தோட்டக் கணக்கு பயிற்சி தேவையற்ற சாதாரண உழைப்பு என்றே வகைப்படுத்தியது. மலையக வரலாற்றில் இழைக்கப்பட்ட அநீதிகளுள் மிகக் குறைவாகப் பேசப்பட்டது இதுவே.

தொழிலாளர் அறிந்திருந்தவை மலையில் இருந்தன. அவர்களது வாழ்வைத் தீர்மானித்தவையோ தாளில் இருந்தன. விடியற்காலையில் தொழிலாளரைத் திரட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் தொடங்கி, மாலையில் கொழுந்து நிறுக்கும் இடம் வரை, கணக்கப்பிள்ளையின் கையேடும் செக்ரோல் என்ற வருகைப் பேரேடும் அவர்களைப் பின்தொடர்ந்தன. குறித்த அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது முழுநாட் கூலி, குறைந்தால் அரைப்பேர். கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை இறாத்தல் கழிக்கப்பட்டது என்பதைப் படித்துப் பார்க்க முடியாத பெண், தன் கூடையின் கனத்தைத் தன் முதுகினால் சரியாக அறிந்திருந்தும், அதை நிலைநாட்ட வழியற்றவளாக இருந்தாள். துண்டு முறை இதனினும் கொடியது. ஆள் திரட்டி மேற்பார்த்த கங்காணியும் அவர் திரட்டிய தொழிலாளரும் பட்ட கடனைக் குறிப்பிட்டு, அதைச் செலுத்தினால் அவர்கள் விடுவிக்கப்படுவர் என்று தோட்டத்தை நிர்வகித்த துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. அதைக் கொண்டு கங்காணி வேறு தோட்டங்களோடு பேரம் பேசினார். யாரை முன்னிட்டுப் பேசப்பட்டதோ, அவர்களால் அதை வாசிக்க முடியவில்லை. 1921இல்தான் சட்டம் அதற்கு முடிவு கட்டியது.

பள்ளிக்கூடங்கள் முற்றிலும் இல்லாமல் இல்லை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சமயப் பணியோடு எழுத்தையும் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் எழுத்துக் கற்ற பிள்ளை மலைக்குத் திரும்பாது என்ற அச்சம் துரைமாரிடையே பரவலாக இருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட முகாமையின்மேல் சுமத்தி, அந்த வயதினரைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என்றும் விதித்தது. 10 மணிக்குப் பின் அமர்த்துவதை அது தடுக்கவில்லை. இந்தியத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் உயர்நிலத் தோட்டங்களுக்கு நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று விகிதங்கள் வகுக்கப்பட்டன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்ன அரசே பிள்ளையின் உழைப்புக்கும் விலை குறித்தது என்பதிலிருந்து, அக்காலத் தோட்டப் பாடசாலை எந்த அளவுக்குப் பாடசாலையாக இருந்திருக்க முடியும் என்பது விளங்கும். பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே அதன் அமைப்பு. ஹட்டனில் மிஷனரிகள் நடத்திய ஆங்கிலப் பாடசாலைகளுக்குக் கங்காணிகளின் பிள்ளைகளும் கடைக்காரர்களின் பிள்ளைகளும் சென்றார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களின் பிள்ளைகளுக்கு அந்தப் படிகள் வெகுதூரம்.

இவ்விரு அறிவுகளும் ஒன்றையொன்று தேடி வந்த தருணம் கோ. நடேசய்யரின் வருகையாகும். தஞ்சாவூரில் கணக்கியலும் வணிகமும் கற்பித்த ஆசிரியரான அவர், தோட்டங்கள் தனியார் நிலமென்று வெளியார் தடுக்கப்பட்ட காலத்தில், புடைவை வியாபாரியைப் போல் உள்ளே நுழைந்து தொழிலாளரின் நிலையை நேரில் அறிந்தார். ஏடு கற்றவருக்கும் சந்தையின் சாமர்த்தியம் தேவைப்பட்டது. அது இல்லாதிருந்தால் அவருடைய கணக்கியல் தோட்டத்து வாசலைத் தாண்டியிராது. 1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு அவர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது, அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் முன்பே அறிந்திருந்த மெட்டுகளில் அரசியற் பாடல்களைப் புனைந்து பாடினார். எழுத்தறியாதவர்களின் காதும் நினைவாற்றலும் எத்தகைய கல்விச் சாதனங்கள் என்பதை அவர் புரிந்திருந்தார். காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் இரவு முழுவதும் மனப்பாடமாக நிகழ்த்திய மக்களுக்கு அரசியலைச் சொல்ல, அதைவிடப் பொருத்தமான வழி இருந்திருக்க முடியாது.

எழுத்து மறுக்கப்பட்டதன் முழு விலை சுதந்திரத்துக்குப் பின்னரே வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். பதிவின் மூலம் குடியுரிமை பெற 1949ஆம் ஆண்டின் சட்டம் வழி திறந்தபோது, தொடர்ச்சியான வதிவிடத்தை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எந்த மலையில் எந்த ஆண்டு கவ்வாத்து நடந்தது, எந்த லயத்தில் எந்தப் பிள்ளை பிறந்தது என்பதைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்தவர்களிடம், அவற்றைச் சொல்லும் தாள்கள் இருக்கவில்லை. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. எழுத்தறிவின்மை மட்டுமே இதற்குக் காரணம் என்பது பிழையாகும். அதற்குப் பின்னால் தெளிவான அரசியல் நோக்கம் இருந்தது. ஆனால் அந்த நோக்கத்துக்கு, ஆவணமற்ற மக்கள் எளிதில் இரையானார்கள்.

கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோதும், 1960இல் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதும், தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே விடப்பட்டன. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றிய பின்னரே, பாடசாலைகளும் படிப்படியாக ஏற்கப்பட்டன. 1980களில் சுவீடனின் உதவியும், அதைத் தொடர்ந்து ஜெர்மனியின் உதவியும் கிடைத்தன. பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோட்டத்துப் பிள்ளைகளைத் தோட்டத்துக்கே ஆசிரியர்களாக அனுப்பத் தொடங்கியது.

மடக்கொம்பரைத் தோட்டத்துக் கங்காணிக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலம் கற்று, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை, லயங்களில் வழங்கிய நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பாடலுக்குச் செய்யப்பட்ட அந்தப் பணி, தொழிலறிவுக்கு அதே அளவில் செய்யப்படவில்லை. கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்ட முதியவர்களும், கொழுந்துக் கூடையை இறக்கிவிட்ட பாட்டிமார்களும் இன்னும் மலையகத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் அறிந்தவற்றை அவர்களுடைய பெயரோடு தமிழில் எழுதி வைக்கும் வேலையை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளான ஆசிரியர்களும் மாணவர்களும் தாமதியாமல் தொடங்க வேண்டும்.