ஜன்னலில் கட்டிய ஈரம்

சித்திரை, வைகாசி மாதங்களில் பாலக்கோடு வட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கும் குடியானவர் மனையொன்றின் வாயிலில் போய் நின்றால், ஜன்னல்தோறும் நனைத்த கோணிச் சாக்குகள் தொங்குவதையும், வீட்டுப் பெண்கள் காய்ந்த இடம் பார்த்துச் செம்புநீரை அவற்றின்மேல் தெளிப்பதையும், வெளியே அனலாய் வீசிய காற்று அந்தச் சாக்கைக் கடந்து உள்ளே வருகையில் ஈரச் சணலின் வாசனையோடு குளிர்ந்திருப்பதையும் காணலாம். மல்பெரி இலை தின்னும் அப்புழு, ஏறத்தாழ 24 முதல் 28 டிகிரி வரையுள்ள உஷ்ணத்தில்தான் சௌக்கியமாக வளரும். மிஞ்சினால் இலையைத் தொடாது துவண்டுவிடும். ஆகையால் இவ்வூர்ப்புறத்தில் மனிதனுடைய அறையைக் காட்டிலும் புழுவின் அறைக்கே குளிர்ச்சி முதலில் தேவைப்பட்டது என்று சொல்வது மிகையாகாது.

நீர் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள உஷ்ணத்தைக் கவர்ந்துகொண்டு போகிறது என்னும் இந்தத் தத்துவத்தை நம் மண்பானை எந்நாளும் அறிந்திருக்கிறது. 1792-இல் இவ்வூர்ப்புறம் அடங்கிய பாரமஹால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாகி, அதன் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் இங்கே நிலவரி ஏற்பாடுகளில் முனைந்திருந்த அக்காலத்தில், இந்நாட்டிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் கோடையைக் கடத்தக் கைக்கொண்டதும் வாயிலிலும் ஜன்னலிலும் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் விடும் அதே உபாயந்தான்.

பின்னர் குளிர்ச்சி கப்பலேறி வந்தது. பாஸ்டன் நகரத்து வர்த்தகரான பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து மரத்தூளில் பொதிந்து 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார்; பிறகு சென்னைக் கடற்கரையிலும் அதற்கென ஒரு கிடங்கு எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் திருவல்லிக்கேணிப் பக்கத்தில் இன்றும் வழங்குகிறது. யந்திரத்தால் ஐஸ் செய்யும் முறை பரவியதும் அவ்வியாபாரம் நசித்துப் போயிற்று. ஆயினும் அதன் அளவுகோல் மட்டும் அழியவில்லை. பாலக்கோட்டுக் கடைத்தெருவில் இன்று ஒருவர் “ஒன்றரை டன் ஏசி” என்று கேட்கும்போது, அந்த டன் பெட்டியின் எடையன்று. 2000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளுமோ, அவ்வளவே ஒரு டன்.

வில்லிஸ் கேரியர் என்னும் இளைஞர் 1902-இல் புரூக்ளினிலிருந்த அச்சகமொன்றுக்கு வகுத்துக் கொடுத்த குளிர்சாதனமும் மனிதனுடைய சுகத்துக்காக ஏற்பட்டதன்று. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வர்ணங்கள் இடம் மாறிப் படிந்தமையே அதற்குக் காரணம். அங்கே காகிதம், இங்கே புழு! 1931-இல் ஷுல்ட்ஸ், ஷெர்மன் என்ற இருவர் ஜன்னல் விளிம்பில் வைக்கத்தக்க சாதனமொன்றை உருவாக்கினர். ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பிற்பாடுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் அது வந்தது. நம் நாட்டில் 1954-இல் டாடா நிறுவனத்தாரும் வோல்கார்ட் சகோதரர்களும் கூடி, குளிர்சாதனங்களுக்குப் பேர்போன வோல்டாஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

ஜன்னலில் வைக்கும் ஏசிப் பெட்டியின் நடுவே, அறைப்பக்கத்தையும் தெருப்பக்கத்தையும் பிரிக்கும் ஒரு தடுப்பு உண்டு. பழைய யந்திரங்களில் நிரப்பப்பட்ட ஆர்-22 என்னும் திரவம், சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 41 டிகிரியிலேயே கொதிக்கும் இயல்புடையது. அறைப்பக்கத்துச் செப்புக் குழாயில் அது ஆவியாகி அறையின் உஷ்ணத்தைக் கவர்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை நெருக்கிச் சூடேற்றித் தெருப்பக்கத்துக் குழாய்க்குத் தள்ள, அங்கே உஷ்ணத்தை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகி, மயிரிழை போன்ற குழாய் வழியே அழுத்தம் தளர்ந்து மறுபடியும் உள்ளே வருகிறது. ஈரச்சாக்கில் ஆவியான நீர் போனது போனதுதான். இதில் ஒரு சொட்டும் வீணாவதில்லை.

பெட்டியைப் பொருத்தும் மெக்கானிக், பின்புறம் சற்றே தாழ்ந்திருக்கும்படி ரசமட்டம் வைத்துப் பார்ப்பது வெறும் சம்பிரதாயமன்று. குளிர்ந்த குழாயில் வியர்த்து வடியும் நீர் பின்னாலுள்ள தட்டில் போய்த் தேங்க வேண்டும். பல பெட்டிகளில், அங்குள்ள விசிறியைச் சுற்றியிருக்கும் வளையம் அந்நீரை அள்ளி, ‘சளக், சளக்’ என்ற சப்தத்தோடு, சூடான குழாயின்மேல் ஓயாமல் தெளித்துக்கொண்டேயிருக்கும். புழு மனையில் அந்தப் பெண்கள் சாக்கின்மேல் தெளிப்பது போலவே.