செயற்கூறு பட்டியல் கட்டளை (பிஎஸ்கியூஎல்)

பிஎஸ்கியூஎல் என்பது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் திறந்த மூலத் தரவுத்தளத்தின் கட்டளைவரிக் கருவி ஆகும். இதில் பின்சாய்வுக்கோட்டை அடுத்து டி, எஃப் ஆகிய எழுத்துகளை இட்டால் செயற்கூறுகளின் பெயர், உள்ளீட்டு வகைகள், விளைவின் தரவு வகை முதலியன பட்டியலாகக் கிடைக்கும்.

பின்னணி

தொடக்கத்தில் இக்கட்டளை, தரவுத்தளத்துடன் வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கூறுகளையும் சேர்த்தே காட்டியது. இதனால் பயனர் தாம் எழுதிய ஒருசில செயற்கூறுகளை அவற்றிடையே கண்டறிவது கடினமாக இருந்தது.

மாற்றங்கள்

2009 இல் வெளியான 8.4 பதிப்பு முதல், பயனர் உருவாக்கியவை மட்டுமே இயல்பாகக் காட்டப்படுகின்றன. எஸ் என்னும் எழுத்தைச் சேர்த்தாலோ பெயரின் ஒரு பகுதியைத் தேடுகோலமாகக் கொடுத்தாலோ உள்ளமைந்தவையும் இடம்பெறும். திரட்டு, தூண்டல், சாளரம் எனச் செயற்கூறுகளை வகைவாரியாகப் பிரித்துக் காணும் வசதியும் அப்பதிப்பிலேயே வந்தது.

ஒரே பெயரில், வேறுவேறு உள்ளீட்டு வகைகளுடன் பல செயற்கூறுகள் இருக்கலாம். ஆகவே உள்ளீட்டு வகையைக் குறிப்பிட்டுத் தேடும் வசதி 14 ஆம் பதிப்பில் (2021) சேர்க்கப்பட்டது.

கூட்டல் குறியுடன் இட்டால் கிடைக்கும் விரிவான பட்டியலில் முன்பு மூலநிரலும் இடம்பெற்றது. நீண்ட நிரல்கள் அட்டவணையைப் படிக்கவியலாதவாறு ஆக்கின. 16 ஆம் பதிப்பில் (2023) அது நீக்கப்பட்டது. மூலநிரலைக் காண எஸ், எஃப் எழுத்துகளாலான தனிக்கட்டளை உண்டு.