சூளை வைத்தவர் சொன்ன சொல்

தேக்காவில் வளர்ந்த இளம் மென்பொருள் குழுத் தலைவர் ஒருவர் நம் கலந்துரையாடலில் கேட்டார்: "வாக்களித்த தேதிக்கு வேலை முடியாது போலிருக்கிறது. இனி என்னை யார் நம்புவார்கள்?"

பதில் நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் 'இந்தியானா' கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. புது ஊரில் வீடு கட்ட ஆள் தேவை என்று கண்டு, பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்தார். கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடையும் திறந்தார். 1822இல் கடை தீக்கிரையானது. கடன் மட்டுமே மிஞ்சியது.

அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்த ஆங்கிலேய வணிகர்களிடம் பேசி அவகாசம் பெற்றார். ராஃபிள்ஸிடம் முறையிட்டு, இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் எனப்படும் இடத்தில் நிலம் பெற்றார். வியாபாரம் மீண்டும் தழைத்தது. 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில், மரத்தாலும் அத்தாப்பாலும் மாரியம்மன் கோயில் எழுந்ததற்கும் அவரே காரணம்.

கையில் காசில்லாத நாளில் அவருக்கு மிஞ்சிய முதல், மறைக்காமல் பேசிய பேச்சுதான். தம்பி, தேதி தவறும் என்று தெரிந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். கேட்டு வாங்கிய புதுத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்!