பாலாற்றுக் குரோமியமும் கடற்பாசியும்

செங்கல்பட்டைத் தொட்டு ஓடும் பாலாறு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதன் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஊர்களில் தோல் பதனிடுதல் வளர்ந்தது. முன்பு ஆவாரம்பட்டையில் ஊறிய தோலுக்கு, 20ஆம் நூற்றாண்டில் குரோமிய உப்பு வந்தது. தோலில் ஏறாத குரோமியம் கழிவுநீரோடு வெளியேறி, கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தக் கழிவுக்குக் கடலிலேயே ஒரு மருந்து உண்டு. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார், சர்காசம் வைட்டி என்னும் பழுப்புக் கடற்பாசியால் தோல் கழிவுநீரின் குரோமியத்தைப் பிரித்து, மறுபடி பதனிடப் பயன்படுத்தும் வழியை 2004இல் வெளியிட்டனர். அண்ணா பல்கலைக்கழகத்தார் 2005இல், குழாயில் அடைத்த அல்வா ரெட்டிகுலேட்டா என்னும் பச்சைப்பாசியால் செம்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டினர்.

பாசி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. காய்ந்த தூளே போதும். பழுப்புப் பாசியின் செல்சுவரிலுள்ள ஆல்ஜினிக் அமிலம், தன்னிடமுள்ள கால்சியம் போன்றவற்றை விட்டுவிட்டு உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கிறது. செம்பு, நிக்கல் போன்றவற்றை நீர்த்த அமிலத்தால் கழுவி எடுத்தபின் அதே தூளை மீண்டும் பயன்படுத்தலாம். ஆயினும் உலோகம் ஏறிய பாசியைக் கண்ட இடத்தில் கொட்டினால் நஞ்சு மறுபடி மண்ணுக்கே போகும். அதைப் பத்திரமாகக் கையாள்வதும் சிகிச்சையின் பகுதியே.