ஒண்ணு போதாதா? - ஜோடி ஏவுகணைகளின் கதை

எதிரி விமானம் ஒண்ணுதான். ஆனா பைலட் ஏவுறது ரெண்டு ஏவுகணை. போர்விமானங்களின் வரலாற்றைப் படிக்கிறவங்க கண்ணில் இது அடிக்கடி படும். ஏன் சாமி, ஒண்ணு போதாதா?

போதாதுன்னு வியட்நாமில் அமெரிக்கர்களுக்குப் புரிஞ்சுது. இனிமே வானத்தில் எல்லாம் ஏவுகணைதான்னு நம்பி, ஆரம்பகால எஃப்-4 பேன்டம் விமானங்களில் பீரங்கியே வைக்கலை. கடைசியில் 1965-68 காலத்தில் ஏவினதுல ஏறக்குறைய பத்துக்கு ஒண்ணுதான் இலக்கை அடிச்சுது.

கணக்கு சிம்பிள். ஒரு ஏவுகணை அடிக்க வாய்ப்பு 50 சதவீதம்னு வைங்க. ரெண்டு விட்டா, ஒண்ணாவது அடிக்க 75 சதவீதம். ஆனா இதில் ஒரு ஓட்டை. ரெண்டும் ஒரே ரகம்னா, ஒண்ணை ஏமாத்துற மேகம் இன்னொண்ணையும் ஏமாத்திடும்.

சோவியத்காரங்க இந்த ஓட்டையை அடைச்ச விதம் அழகு. அவங்க சுகோய்-15 விமானம் சுமந்த ஆர்-98 ஏவுகணையில் ரெண்டு வகை. ஒண்ணு எஞ்சின் சூட்டைத் தேடிப் போகும். இன்னொண்ணு, விமானத்தின் ரேடார் இலக்கு மேல பட்டுத் திரும்புற அலையைப் பிடிச்சுக்கிட்டுப் போகும். வகைக்கு ஒண்ணா ஜோடி. அதிலும் சூடு தேடுறதைத்தான் முதல்ல விடணும். இல்லேன்னா முன்னால போற தன் ஜோடியோட நெருப்பையே அது துரத்த ஆரம்பிச்சுடும்!

இவ்வளவு யோசிச்சு செஞ்ச ஜோடி எங்கே போய் அடிச்சுது தெரியுமா?

1983 செப்டம்பர் 1. நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியா சியோல் போன கொரியன் ஏர் லைன்ஸ் 007, வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைஞ்சுது. சகாலின் தீவுக்கு மேல சுகோய்-15இல் துரத்தினவர் ஒசிபோவிச். முதல்ல எச்சரிக்கையா பீரங்கியால சுட்டார். ஆனா அதில் வெளிச்சம் விடுற குண்டு இல்லை. ராத்திரி நேரத்தில் முன்னால போறவங்களுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் ரெண்டு ஆர்-98. அடிபட்ட பிறகும் பத்து நிமிஷத்துக்கு மேல பறந்து, மோனெரான் தீவுப் பக்கம் கடலில் விழுந்தது அந்த போயிங் 747. 269 பேரில் ஒருத்தரும் மிஞ்சலை.

இதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1978 ஏப்ரல் 20இல், அதே கம்பெனியோட போயிங் 707 ஒண்ணையும் ஒரு சுகோய்-15 அடிச்சுது. அங்கேயும் ரெண்டு ஏவுகணை. ஒண்ணு தவறிடுச்சு, இன்னொண்ணு இடது இறக்கையைப் பிச்சுது. பைலட் உறைஞ்ச ஏரி மேல இறக்கினதால செத்தது ரெண்டு பேரோட நின்னுது.

ரெண்டு தடவையும் அந்தக் கணக்கு சரியாத்தான் வேலை செஞ்சுது. ரெண்டு விட்டா ஒண்ணாவது அடிக்கும், அடிச்சுது. ஆனா 'அடிக்குமா?'ங்கிறதுக்குத்தான் அந்தக் கணக்கில் விடை இருக்கு. 'உள்ளே இருக்கிறது யாரு?'ங்கிறதுக்கு இல்லை. ரெண்டு வரிசை ஜன்னலைப் பார்த்தேன், போயிங்னு தெரிஞ்சுதுன்னு பின்னாளில் ஒசிபோவிச்சே பேட்டியில் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு மூணாவது ஏவுகணை விட்டாலும் பதில் கிடைக்காது.