வைன்

விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல்களை லினக்ஸ், மேக் ஓஎஸ் போன்ற இயங்குதளங்களில் ஓட்டும் கட்டற்ற மென்பொருள். 1993இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் தொடங்கினர். 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் வழிநடத்துகிறார்.

'வைன் ஒரு எமுலேட்டர் அல்ல' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே பெயராயின. இது வெறும் குறும்பன்று. எமுலேட்டர் ஒரு கணினியையே மென்பொருளில் போலச்செய்யும். வைனிலோ நிரலின் கட்டளைகளைக் கணினியின் செயலியே (CPU) நேரடியாக நிறைவேற்றுகிறது. 'கோப்பைத் திற', 'சாளரத்தை வரை' என்று நிரல் விண்டோஸிடம் கேட்கும் இடங்களில் மட்டும் வைன் குறுக்கே நின்று, அவ்வேண்டுகோளை லினக்ஸுக்குரிய அழைப்பாக மாற்றித் தருகிறது. நிரல் தேடும் 'சி' டிரைவும் பயனரின் கோப்புகளுக்கிடையே கிடக்கும் சாதாரணக் கோப்புறைதான்!

விண்டோஸின் மூலநிரல் பொதுவில் கிடைக்காததால், அதன் போக்கைக் கவனித்துக் கவனித்தே, அதன் பிழைகள் உட்பட, வைனை எழுத வேண்டியிருந்தது. 1.0 பதிப்பு வெளிவர 15 ஆண்டுகள் ஆயின (2008).

விளையாட்டு நிறுவனமான வால்வ் வைனின்மேல் கட்டிய புரோட்டான் என்னும் மென்பொருள் 2018இல் வந்தது. 2022இல் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்னும் லினக்ஸ் கையடக்க விளையாட்டுக் கருவியில் விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுவது அதனால்தான். ஆனால் இயங்குதளத்தின் கருவான கெர்னல் வரை இறங்கி மோசடியைக் கண்காணிக்கும் இணைய விளையாட்டுகள் பல இன்னும் புரோட்டானில் ஓடுவதில்லை.