பொய் என்னும் சொல்லும் மெய் என்னும் உடலும்

மழை பொய்த்துவிட்டது என்கிறோம். வானம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, யாரையும் ஏமாற்ற நினைக்கவும் இல்லை. வரவேண்டிய பருவத்தில் வரவில்லை, அவ்வளவுதான். அதற்குத் தமிழ் உழவர் சொல்லும் வினை 'பொய்த்தல்'. இதைக் கவிநயம் என்று கடந்துவிடக் கூடாது. அந்தச் சொல்லின் பழைய உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், வானமே பொய்த்தாலும் காவிரி தவறாமல் வரும் என்ற கருத்தோடுதான் தொடங்குகிறார். பறவை நிமித்தம் பார்த்த பழந்தமிழர், நினைத்தது நடந்தால் புள் வாய்த்தது என்றும், நடக்காவிட்டால் பொய்த்தது என்றும் பேசினார்கள். வாய்த்தலுக்கு எதிர்ச்சொல் பொய்த்தல். திருக்குறளுக்கு வழங்கும் 'பொய்யாமொழி' என்ற பெயரையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். பொய் சொல்லாத நூல் என்பதோடு, எந்தக் காலத்திலும் கைவிட்டுப் போகாத மொழி என்ற பொருளும் அதில் இருக்கிறது.

இன்னும் கீழே தோண்டினால் ஒரு பொந்து தென்படும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 'பொய்' என்ற சொல்லுக்குத் தரும் பொருள்களில் மரப்பொந்தும் ஒன்று. பொள்ளல், பொந்து, பொக்கை என்று உள்ளீடற்றவற்றைச் சுட்டும் சொற்களோடு பொய்யையும் சேர்த்து நிறுத்தத் தோன்றுகிறது. அப்பர் தேவாரத்தில் வஞ்சகத்துக்குப் 'பொக்கம்' என்ற சொல் வருகிறது. வெளியே மரம், உள்ளே வெற்றிடம். யானையைப் பிடிக்க மேலே தழை பரப்பி வெட்டி வைப்பது பொய்க்குழி. தஞ்சையில் ஆடுவது பொய்க்கால் குதிரை. தாத்தா இரவில் கழற்றித் தண்ணீரில் போடுவது பொய்ப்பல். இவை எவற்றிலும் வசவு இல்லை. இருப்பதுபோல் தோன்றுவது என்ற பொருள் மட்டுமே உண்டு. மலையாளத்தில் இதே 'பொய்' வழங்குகிறது, கன்னடத்தில் 'ஹுசி' என்று திரிந்து நிற்கிறது.

எதிரே நிற்கும் சொல் இன்னும் வியப்பானது. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடல். கன்னடத்தில் உடலுக்கு இன்றும் 'மை' என்றுதான் பெயர். தமிழில் மெய்க்காப்பாளர் காப்பது உடலை. மெய்ப்பிப்பவர் நிறுவுவது உண்மையை. மெய் சிலிர்க்கும், மெய்யாகவும் இருக்கும். கண்ணால் காண, கையால் தொட இருப்பதே உண்மை என்று எண்ணிய மக்களின் மொழி இது. உள்ளத்தில் எழுவது உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியர் 'மெய்ப்பாடு' என்றார். நகை, அழுகை, அச்சம், வெகுளி என எட்டு வகைப்படுத்தி அதற்கென ஓர் இயலே வகுத்தார்.

பொய்யை நாவின் குற்றமாக, ஊரின் சிக்கலாகப் பேசுவதும் தொல்காப்பியம்தான். பொய்யும் ஒழுக்கத் தவறும் தலைகாட்டிய பிறகே பெரியவர்கள் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்கிறது கற்பியல். மறைவில் பழகியவன் பிறகு இவளை அறியேன் என்று சொல்லிவிட்டால்? அதற்காக ஊரறிய ஒரு கரணம். பொய்யைத் தடுக்கப் பிறந்த அந்தச் சடங்கைப் பற்றித்தான் பின்னாளில் 'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்' என்ற பழமொழி எழுந்தது. 'ஆயிரம் தடவை போய்ச் சொல்லி' என்பதே சரி என்று சிலர் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தத்தை நான் ஏற்கவில்லை. நடப்பதைத்தான் பழமொழி சொல்கிறது.

பெண் பார்க்கும் வீட்டில் மறைக்கப்படுவது சம்பளமும் வயதும் கடனும் மட்டுமல்ல, நோயும்தான். வலிப்பு அதில் முதலிடம் பெறும். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையை விழுங்க வேண்டும். முடியாத நாளில் விட்டுவிடுவாள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தப் பொய்க்கு அந்தக் குடும்பத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1999இல் திருத்தப்படும்வரை இந்து திருமணச் சட்டமே வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகும் நிலைகளில் ஒன்றாக வைத்திருந்தது. உண்மையைச் சொன்னால் வாசல் அடைபடும் என்று தெரிந்த இடத்தில் மனிதர்கள் பொய் சொல்கிறார்கள். ஆதாயத்துக்காகப் பொய் சொல்வோர் உண்டு, பிறர் மனம் நோகாமலிருக்கச் சொல்வோரும் உண்டு. ஆனால் வீடுகளில் புழங்கும் பொய்களைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு அடியில் அச்சமே இருக்கும்.

எல்லாரும் எப்போதும் பொய் சொல்கிறார்கள் என்பதும் மிகைதான். அமெரிக்காவில் 1,000 பேரிடம் எடுத்து 2010இல் வெளியான ஆய்வில், முந்தைய 24 மணி நேரத்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்றவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு. மொத்தப் பொய்களில் பாதியைச் சொன்னவர்கள் 5 விழுக்காட்டினர்.

அச்சம் மெய்யில் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் 1921இல் கலிபோர்னியாவின் பெர்க்லி காவல்துறையில் ஜான் லார்சன் தம் கருவியை அமைத்தார். இரத்த அழுத்தம், நாடி, மூச்சு மூன்றையும் அது கோடுகளாக வரைந்தது. ஆங்கிலத்தில் அது பொய்யைப் பிடிக்கும் கருவி. நம் செய்தித்தாள்களில் 'உண்மை கண்டறியும் சோதனை'. இரண்டு பெயரும் பொருந்தவில்லை. அந்தக் கருவி காண்பது மெய்ப்பாட்டை மட்டுமே. நிரபராதியும் நடுங்குவான், பழகிய பொய்யன் அமைதியாக இருப்பான். அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2003இல் இதன் அறிவியல் அடிப்படை பலவீனமானது என்றது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே மாதம் நம் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமின்றி இச்சோதனையை நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

பழகிய பொய்யன் எப்படி உருவாகிறான் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2016இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த நீல் காரெட், டாலி ஷாரோட் குழுவினர், தன்னலத்துக்காக மீண்டும் மீண்டும் பொய் சொல்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் எதிர்வினை வரவரக் குறைந்தது. பொய்யின் அளவு கூடியது. உறுத்தல் மழுங்க மழுங்கப் பொய் வளர்கிறது.

உறுத்தல் மழுங்காதவர் உடலில் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அனிதா கெல்லி 110 பேரை 10 வாரம் கண்காணித்து, முடிவுகளை 2012இல் அறிவித்தார். பாதிப் பேரிடம் பெரிய பொய், சின்னப் பொய் எதையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மற்ற வாரங்களைவிட மூன்று சின்னப் பொய்கள் குறைந்த வாரத்தில், அவர்களுக்கு மன இறுக்கம் போன்ற புகார்கள் சராசரியாக நான்கும், தலைவலி, தொண்டைவலி போன்ற உடற்புகார்கள் மூன்றும் குறைந்தன. இவை அவரவர் தாமே சொன்ன புகார்கள்; பொய் இன்ன நோயைத் தரும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெபியன் இரகசியங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டது இன்னும் கூர்மையானது. பிறரிடம் மறைக்கும் தருணங்களைவிட, தனித்திருக்கும்போது மனம் அந்த இரகசியத்துக்கே திரும்பத் திரும்பப் போவதுதான் அதிகம். நலத்தைக் கெடுப்பதும் அதுவே. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் தெய்வத்தின் தண்டனையை நினைவூட்டவில்லை. தெரிந்தே பொய் சொன்னவனை அவன் நெஞ்சே சுடும் என்கிறார்.

ஆனால் பொய்யால் உடல் கெடுவதற்கு நெஞ்சுவரை போக வேண்டியதில்லை, மருத்துவரின் அறைவரை போனால் போதும். 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இரண்டு கருத்துக்கணிப்புகள் இருந்தன. மருத்துவரிடம் ஏதேனும் ஒன்றை மறைத்ததாக ஒன்றில் 81 விழுக்காட்டினரும் மற்றொன்றில் 61 விழுக்காட்டினரும் ஒப்புக்கொண்டார்கள். திட்டு வாங்குவோமோ, அறிவுரை கேட்க நேருமோ என்ற கூச்சமே முக்கியக் காரணம்.

நம் ஊரிலும் அதேதான். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டால் பாதி போட்டவரும் ஆமாம் என்பார். பிரஷர் குறையவில்லையே என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார். அந்த நோயாளி என்றாவது மருத்துவமனையில் சேர்ந்து, எழுதியபடி அத்தனை மாத்திரையும் வேளை தவறாமல் கொடுக்கப்பட்டால், அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். சர்க்கரை மருந்தானால் லோ சுகர் வந்துவிடும். குடியை மறைத்து அறுவைக்குப் படுத்தவருக்கு இரண்டு மூன்று நாளில் கைநடுக்கமும் பிதற்றலும் தொடங்கலாம்; எதனால் என்று தெரியாமல் வார்டே திகைக்கும்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து இனிப்பை விட்டு, இரவு இரண்டு இட்லியோடு நிறுத்தி, வெறும் வயிற்று ரிப்போர்ட்டை நல்லபடியாக வாங்கிவிடுவார்கள். எச்பிஏ1சி என்ற இன்னொரு சோதனை முன் அது செல்லாது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாளும் இரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அந்த ஒரு துளி இரத்தத்தில் இருக்கும். உடலுக்கும் உண்மைக்கும் ஒரே பெயர் வைத்தவர்களின் மொழியைப் பேசும் நமக்கு இது புரியாத செய்தி அல்ல.

ஆகவே அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது, விட்டுப்போன மாத்திரைகள், பக்கத்து வீட்டார் கொடுத்த லேகியம், வாரக்கடைசிக் குடி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், மருத்துவரானாலும் மாமியாரானாலும், ஒரு வேண்டுகோள்: உண்மை சொன்னவரைத் திட்டாதீர்கள்.